ஆன்லைனில் பலகாரம் விற்கிற ஆச்சிக்கு வருமான வரிக் கணக்கு

பள்ளத்தூரில் எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி மணகோலம், சீப்புச் சீடை, தேன்குழல் எல்லாம் ஆன்லைனில் விற்கிறார். போன வாரம் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு வந்து, "தம்பி, ஆன்லைன் கம்பெனியிலிருந்து பேங்குக்கு வந்திருக்கிற 5 லட்சத்து 60 ஆயிரத்தை விற்பனைன்னு எழுதிட்டாப் போதும்ல?" என்றார். போதாது ஆச்சி. நிறையப் பேர் கோட்டை விடுகிற இடமே இதுதான்.

விற்பனைத் தளம் தன் கமிஷன், கூரியர் காசு, விளம்பரக் காசு எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் அனுப்புகிறது. வரிக் கணக்கில் விற்றுமுதல் என்பது வாங்கியவர் கொடுத்த முழு விலை. திரும்பி வந்த சரக்கை மட்டும் கழிக்கலாம். தளத்தின் வருட அறிக்கையை இறக்கிப் பார்த்தால் ஆச்சிக்கு அது 7,20,000. அப்புறம் வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து யுபிஐயில் வாங்கியது 3,00,000, வாசலுக்கே வந்தவர்கள் ரொக்கமாகக் கொடுத்தது 80,000. ஆக 11 லட்சம்.

ஆச்சிக்கு முகம் வாடிவிட்டது. வரி 11 லட்சத்தின் மேல் இல்லை, லாபத்தின் மேல்தான் என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

சின்ன வியாபாரிகளுக்கென்றே வருமான வரிச் சட்டத்தில் 44ஏடி என்று ஒரு பிரிவு இருக்கிறது. விற்றுமுதல் 2 கோடிக்குள் இருந்தால் (ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 3 கோடி வரை) வங்கி, யுபிஐ வழியாக வந்ததில் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் லாபம் என்று காட்டிவிடலாம். எண்ணெய் வாங்கிய பில், அரிசி அரைத்த கூலி என்று ஒன்றையும் யாரும் கேட்கமாட்டார்கள். ஆச்சிக்கு 10,20,000-இல் 6 சதவீதம் 61,200, ரொக்கத்துக்கு 6,400, மொத்தம் 67,600. 2025-26 நிதியாண்டுக்குப் புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை.

"கமிஷனே ஒன்றரை லட்சம் போயிருச்சே, அதைக் கழிக்க வேண்டாமா?" கழிக்க முடியாது. அந்த மீதி 94 சதவீதத்துக்குள் எல்லாச் செலவும் அடக்கம். 6 சதவீதம் என்பது குறைந்தபட்சம்தான். அதற்குமேல் கையில் நின்றிருந்தால் கூட்டிக் காட்டுவதுதான் முறை, நாளைக்குக் கிரைண்டர் வாங்க லோன் கேட்டுப் போகும்போது வங்கிக்காரர் பார்ப்பதும் இந்த எண்ணைத்தான்.

வரியே இல்லை என்றால் எதற்குத் தாக்கல்? தளம் டிடிஎஸ், அதாவது காசு தருவதற்கு முன்பே பிடிக்கிற வரி, பிடித்திருக்கிறதே. 2024 அக்டோபரிலிருந்து விற்ற முழுத் தொகையில் 0.1 சதவீதம், முன்பு 1 சதவீதமாக இருந்தது. பான் அல்லது ஆதார் கொடுத்த தனிநபருக்கு அந்தத் தளத்தில் வருட விற்பனை 5 லட்சத்துக்குள் இருந்தால் பிடிக்கமாட்டார்கள். எதையுமே கொடுக்காதவருக்கு 5 சதவீதம் போய்விடும். ஆச்சிக்குப் பிடித்தது 720 ரூபாய். ஐடிஆர், அதாவது வருமான வரிக் கணக்கு, போட்டால்தான் அது திரும்பும்.

போடுவதற்கு முன் வருமான வரித் துறைப் போர்ட்டலில் ஏஐஎஸ் (உங்கள் வரவுகள் பற்றித் துறைக்கு வந்த தகவல் அறிக்கை), 26ஏஎஸ் (பிடித்த வரியின் பட்டியல்) இரண்டையும் திறந்து பாருங்கள். தளம் உங்கள் விற்பனை என்று சொல்லியிருக்கும் தொகை அங்கே இருக்கும், நீங்கள் அதைவிடக் குறைத்துக் காட்டினால் நோட்டீஸ் வர வாய்ப்பு உண்டு. நம் பெரியவர்கள் ஐந்தொகை போட்டு ஒவ்வொரு காசையும் ஒப்பிட்டுப் பார்த்த ஊர் இது, இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

படிவம் ஐடிஆர்-4. ஆனால் கண்மாய்ப் பாசன வயலிலிருந்து வருஷத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் விவசாய வருமானம் வந்தால் இது ஆகாது, ஐடிஆர்-3 போட வேண்டும். அடுத்தவர் சரக்கை விற்றுக் கமிஷன் மட்டும் வாங்குகிறவருக்கு 44ஏடி-யே கிடையாது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன, அதற்கு முந்தைய சம்பாத்தியத்துக்குப் பழைய சட்டம்தான். கடைசித் தேதியும் சில வருஷம் தள்ளிப்போகிறது, போர்ட்டலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி போன்ற ஏதாவது ஒரு வழியில் உறுதிப்படுத்த வேண்டும். ஆச்சியின் ஆதாரில் இருந்த நம்பர் சிங்கப்பூரில் இருக்கும் மகனுடையது, ஓடிபி அங்கே போய்விட்டது.