ஜப்பானில் தொப்பைக்கு அபராதமா?

'ஜப்பானில் தொப்பை வைத்தால் அபராதம்' என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் அவ்வப்போது வலம் வரும். அதில் பாதிதான் உண்மை. இடுப்பை அளக்கிறார்கள், ஆனால் தொப்பைக்காரரிடம் ஒரு யென் கூட வாங்குவதில்லை.

2008 ஏப்ரலில் தொடங்கிய திட்டம் இது. 40 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு ஆண்டுதோறும் உடல் பரிசோதனையும், தேவைப்படுவோருக்கு வாழ்க்கைமுறை ஆலோசனையும் தரவேண்டியது மருத்துவக் காப்பீட்டு அமைப்புகளின் சட்டப்படியான கடமை. அங்கே வேலைக்குப் போய்க் காப்பீட்டில் சேர்ந்திருக்கும் நம்மவர்களும், 40 வயதானால், இதற்குள் வருவார்கள்.

தையல்காரர் பேன்ட்டுக்கு அளவெடுக்கும் இடத்தில் நாடா வைப்பதில்லை; தொப்புள் மட்டத்தில் வைக்கிறார்கள். ஆணுக்கு 85 செ.மீ., பெண்ணுக்கு 90 செ.மீ. வரம்பு. பெண்ணுக்குக் கூடுதலாக இருப்பது விசித்திரம்தான். இந்தியர்களுக்குச் சொல்லப்படும் அளவு நேர்மாறு: ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80. குடலைச் சுற்றிய கொழுப்பு ஸ்கேனில் 100 சதுர செ.மீ. பரப்பைத் தொடும்போது இடுப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து ஜப்பானியர் தங்கள் எண்களை வகுத்தார்கள். பெண்களுக்குக் கொழுப்பு தோலுக்கடியில் அதிகம் சேரும் என்பதால் அவர்களுடைய எண் உயர்ந்துவிட்டது.

இடுப்பு மட்டும் பெரிதாக இருந்தால் ஆலோசனைக்கு அழைக்கமாட்டார்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல், ரத்த அழுத்தம் 130/85 அல்லது அதற்கு மேல், ரத்தக் கொழுப்பில் கோளாறு ஆகியவற்றில் ஒன்றாவது சேர வேண்டும். 47 வயது ஆண், இடுப்பு 88, சர்க்கரை 104, மற்றவை சரி, புகைப்பதில்லை என்றால் அவருக்கு முதல்நிலை ஆலோசனை. அதே ஆள் புகைப்பவர் என்றால் தீவிர நிலை. 65 வயதைக் கடந்தவருக்கு முதல்நிலை மட்டும்தான். ஏற்கெனவே சர்க்கரை, அழுத்தம், கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுபவரை இதில் சேர்ப்பதில்லை. அவரைக் கவனிக்கத்தான் மருத்துவர் இருக்கிறாரே.

முதல்நிலையில் மருத்துவர், பொதுச் சுகாதாரச் செவிலியர், உணவியல் நிபுணர் இவர்களில் ஒருவர் தனியாக உட்கார்ந்து குறைந்தது 20 நிமிடம் பேசுவார். எதைக் குறைப்பது, எவ்வளவு நடப்பது என்ற இலக்கைச் சம்பந்தப்பட்டவரே முடிவு செய்ய வேண்டும். 3 மாதம் கழித்துப் பார்ப்பார்கள். தீவிர நிலையில் இடையிலும் விடாமல் தொடர்புகொள்வார்கள். ஒவ்வொரு தொடர்புக்கும் புள்ளி உண்டு, மொத்தம் 180 சேர வேண்டும். 2024 முதல், இடுப்பில் 2 செ.மீ.யும் எடையில் 2 கிலோவும் குறைந்துவிட்டால் 180 புள்ளியும் கிடைத்துவிடும். எத்தனை முறை பேசினார்கள் என்று எண்ணுவதைவிட இது எவ்வளவோ மேல்.

அபராதக் கதை பிறந்தது காப்பீட்டு அமைப்புகளின் கணக்கிலிருந்து. நிறுவனங்களின் காப்பீட்டுச் சங்கங்கள் போன்றவை, 75 வயதைத் தாண்டிய முதியோரின் மருத்துவச் செலவுக்குப் பங்கு செலுத்துகின்றன. பரிசோதனையும் ஆலோசனையும் மிகக் குறைவாக நடந்திருந்தால் அந்தப் பங்கு 10 சதவீதம் வரை கூடலாம். நன்றாக நடத்தியிருந்தால் குறையும். ஆலோசனைக்கு வரச்சொல்லிக் காப்பீட்டுக்காரர் விடாமல் கடிதம் போடுவது இதனால்தான். அழைத்தும் போகாமல் இருந்துவிட்டவருக்கு அபராதம் எதுவும் கிடையாது.