கோஸ்டிங்: பேய் இல்லை, அபீட்டு

"அக்கா, 'யூ காட் கோஸ்டட்'னா இன்னாக்கா? பேய் புடிச்சிக்கிச்சின்றாளா?"

கேட்டவள் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. கடை சாத்தி வந்தவள், மாடிப்படியில் உட்கார்ந்து போனை என்னிடம் நீட்டினாள். டேட்டிங் ஆப்பில் பழக்கமான பையனோடு மூன்று வாரம் பேச்சு. கடைசி நாலு மெசேஜும் இவளுடையவை: "சாப்ட்டியா?", "பிசியா?", "உடம்பு சரியில்லையா?", "எதுனா சொல்லு". அதற்குக் கீழே வெறும் திரை. தோழியிடம் காட்டியபோது அவள் சொன்னதுதான் அந்த இங்கிலீஷ்.

நெருங்கிப் பேசிக்கொண்டிருந்தவர் காரணம் சொல்லாமல், விடைபெறாமல் எல்லாத் தொடர்பையும் நிறுத்திக்கொள்வதுதான் கோஸ்டிங். சண்டை போட்டுப் பிரிந்தால் அது கோஸ்டிங் ஆகாது. இரண்டு நாள் பதில் வராததும் ஆகாது. டிண்டர் என்ற டேட்டிங் ஆப் வந்தது 2012-ல். 2015-ல் காலின்ஸ் அகராதி வெளியிட்ட அந்த ஆண்டின் சொற்கள் பட்டியலில் 'ஸ்வைப்'போடு (ஆப்பில் ஆளைப் பிடித்ததா இல்லையா என்று திரையை விரலால் தள்ளுவது) 'கோஸ்டிங்'கும் இருந்தது. 2017-ல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியும் இந்தப் பொருளைச் சேர்த்துக்கொண்டது.

வேர்ச்சொல் பழையது. பழைய ஆங்கிலத்தில் 'காஸ்ட்' என்றால் உயிர், ஆவி. ஜெர்மனின் 'கைஸ்ட்' அதற்கு உறவு. நம் 'ஆவி'யும் அப்படித்தானே? இட்லிப் பானையில் எழுவதும் ஆவி, உடம்பில் இருக்கும் உயிரும் ஆவி, செத்த பின் அலைவதாகச் சொல்வதும் ஆவி. 'ஹோலி கோஸ்ட்' என்பதை ராயபுரத்தில் யாரும் பேய் என்று சொல்ல மாட்டார்கள். இயேசுவின் சீடர் பேதுருவை இராயப்பர் என்பார்கள்; அவர் பெயரையே தாங்கிய ஊர் அது. அங்கே அது பரிசுத்த ஆவி.

இதைவிட எனக்கு வியப்பானது ஒன்று உண்டு. சுமார் 400 ஆண்டுகளுக்கு முன் 'கோஸ்ட்' ஆங்கிலத்தில் வினைச்சொல்லாகப் புழங்கியபோது, ஆவியாக வந்து ஒருவரை விடாமல் தொடர்வது என்றும் பொருள் இருந்தது. இன்றைக்கு நேர் எதிர்: தொடர்ந்து வந்தவர் காணாமல் போவது.

அதனால் 'பேயாக்கல்' என்றெல்லாம் மொழிபெயர்ப்பது சரியில்லை. நம் ஊரில் பேய் என்றால் பிடிக்கும், அடிக்கும். பதில் சொல்லாமல் ஓடாது. நம்மிடம் இருக்கும் சொற்களையே பார்ப்போம். 'கம்பி நீட்டிட்டான்' என்றால் காசையோ பொருளையோ சுருட்டிக்கொண்டு போன வாசனை வருகிறது. 'டாடா காட்டிட்டான்' என்றால் கையாவது ஆட்டியிருக்கிறான். 'கய்ட்டி உட்டுட்டான்' கிட்டத்தட்ட வரும். ஆனால் முகத்துக்கு நேரே சொல்லியும் கழட்டி விடலாம்.

பொருந்துவது 'அபீட்டு'. பம்பரம் விட்டவர்களுக்குத் தெரியும். தரையில் சுற்றிக்கொண்டிருக்கும் பம்பரத்தைச் சாட்டையால் வளைத்து மேலே தூக்கிக் கையில் பிடிப்பது அபீட்டு. எடுக்கத் தவறியவன் தன் பம்பரத்தை வட்டத்துக்குள் வைத்துவிட்டு, மற்றவர்கள் அதைக் குத்துவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இத்தனை நேரம் கண்ணெதிரே சுற்றியது சட்டென்று தரையில் இல்லை. 'அவன் அபீட்டு ஆயிட்டான்' என்றால் சத்தமில்லாமல் நழுவிவிட்டான் என்று வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் யாருக்கும் விளங்கும்.

எழுத்துத் தமிழுக்கு 'கரத்தல்' என்பேன். மறைத்தல், ஒளிதல் என்று பொருள். 'காக்கை கரவா கரைந்துண்ணும்' என்று பள்ளியில் படித்த அதே சொல். 'மூன்று வாரம் பேசிவிட்டுக் கரந்துவிட்டான்' என்று எழுதினால் போனதும் தெரிகிறது, ஒளித்ததும் தெரிகிறது.

இங்கிலீஷில் பேசிப் பழகியவரிடம் கரக்காமல் விலக ஒரு வரி போதும்: "இட் வாஸ் நைஸ் டாக்கிங் டு யூ, பட் ஐ டோன்ட் திங்க் வி ஆர் எ மேட்ச்." தமிழில், "உங்ககூடப் பேசினது நல்லா இருந்துச்சு, ஆனா நமக்கு செட் ஆகாதுன்னு தோணுது." எதிராளி மிரட்டினால், காசு கேட்டால், படம் அனுப்பச் சொல்லி நச்சரித்தால் இந்த வரியும் வேண்டாம். உடனே பிளாக் செய்யுங்கள். அதற்குப் பெயர் கோஸ்டிங் இல்லை.

எல்லாம் கேட்டவள் போனை வாங்கி ஐந்தாவதாக ஒரு மெசேஜ் போட்டாள்: "நீ அபீட்டு ஆயிட்டன்னு புரிஞ்சிக்கினேன். பை." அனுப்பிவிட்டு, காலையில் சீக்கிரம் கடை திறக்கணும் என்று எழுந்து போனாள்.