வயல் கீழே, வீடு மேலே: வெள்ளத்துக்குப் பின் இடம் மாறிய ஓர் ஊர்

மனை வரைபடத்தோடு வருபவர்கள் கட்டுமானப் பொறியாளரான என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "பக்கத்தில் ஆறு ஓடுது சார், பேஸ்மட்டத்தை இரண்டடி தூக்கிவிட்டால் போதுமா?" அவர்களுக்கு நான் சொல்வது செயின்ட் ஜெனிவீவ் ஊரின் வரலாறு.

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றின் ஓரமாக இருக்கும் சிற்றூர் அது. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில், கிழக்குக் கரையின் கஸ்காஸ்கியா பகுதியிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரர்கள் உருவாக்கியது. வண்டல் மண்ணில் கோதுமையும் மக்காச்சோளமும் செழித்தன. உழைத்தவர்களில் அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஏராளம். அதை மறைத்துவிட்டு அந்தச் செழிப்பைப் பேசக்கூடாது.

வயலை ஒட்டிய தாழ்நிலத்திலேயே வீடுகளையும் கட்டினார்கள். 1785-ல் வந்த பெருவெள்ளம் ஊரை மூழ்கடித்தது. அப்புறம் அவர்கள் செய்ததுதான் முக்கியம். வயலைக் கைவிடவில்லை, வீடுகளை மட்டும் சில கிலோமீட்டர் தள்ளி மேட்டுக்கு மாற்றினார்கள். வெள்ளம் வடிந்த வயலில் மறுபடி விதைக்கலாம். சுவர் சரிந்தால் குடும்பம் தெருவில் நிற்கும்.

1790-களில் மேட்டில் எழுந்த வீடுகளில் சில இன்றும் நிற்கின்றன. செங்குத்து மரத்தூண்களை நெருக்கமாக மண்ணுக்குள்ளேயே நட்டு, இடுக்குகளில் களிமண் கலவையை அடைத்த சுவர்கள். இப்படி நட்ட மரம் தரைமட்டத்தில்தான் முதலில் அழுகும். சுற்றிலும் அகலமான தாழ்வாரம் வைத்ததால் மழை நேராகச் சுவரில் அடிப்பதில்லை. கல் அடித்தளத்தின் மேல் தூண்களை நிறுத்திய வீடுகளும் அங்கே உண்டு. பழைய வீடு வாங்குகிறீர்களா? முதலில் சுவரின் அடியைப் பாருங்கள்.

கஸ்காஸ்கியாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1818-ல் இல்லினாய் மாநிலத்தின் முதல் தலைநகரமாக இருந்த ஊர் அது. நீராவிப் படகுகளின் விறகுக்காகக் கரை மரங்களை வெட்டித் தள்ள, கரை பிடிப்பை இழந்தது. 1881-ல் ஆறு தடம் மாறி, ஊரின் பெரும்பகுதியை அரித்துக்கொண்டு போனது.

சரி, செயின்ட் ஜெனிவீவுக்கு ஆபத்து அத்தோடு தீர்ந்ததா? இல்லை. 1993 வெள்ளத்தில் ஊரைக் காப்பாற்ற மணல் மூட்டைகளை அடுக்க வேண்டியிருந்தது.

ஆகவே முன்பணம் கொடுக்கும் முன், மழைக்காலத்தில் ஒருமுறை மனையைப் போய்ப் பாருங்கள். அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் தண்ணீர் அதிகபட்சம் எதுவரை ஏறியது என்று கேளுங்கள். பழைய சுவர்களில் கறை தேடுங்கள். அந்த உயரம் தெரிந்த பிறகுதான் பேஸ்மட்டத்தைப் பற்றி என்னால் பேச முடியும்.