லிஃப்ட் கிட் வாங்குவதற்கு முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்

லிஃப்ட் கிட் என்பது ஸ்பிரிங், ஷாக் போன்றவற்றை மாற்றி வண்டியை உயர்த்துகிற பாகங்களின் தொகுப்பு. வண்டியை இரண்டு இன்ச் தூக்கினால் தரைக்கும் வண்டிக்கும் நடுவே இரண்டு இன்ச் இடைவெளி கூடிவிடும் என்றுதான் லிஃப்ட் கிட் வாங்குகிற முக்கால்வாசிப் பேர் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. பாடி ஏறும், சேஸிஸ் ஏறும், டீசல் டேங்க் ஏறும். பின்னால் உருண்டையாகத் தொங்குகிற, இரண்டு பின்சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். மஹிந்திரா தார், பொலிரோ கேம்பர், வி-கிராஸ், ஹைலக்ஸ் எதை எடுத்தாலும் பின்பக்கம் டிஃபரன்ஷியலை உள்ளே வைத்திருக்கிற ஒரே இரும்பு ஹவுசிங், அதன் இரண்டு முனையிலும் சக்கரம். ஸ்பிரிங் இருப்பது அந்த ஹவுசிங்குக்கும் சேஸிஸுக்கும் நடுவில். ஆகவே ஸ்பிரிங்கை எவ்வளவு நீட்டினாலும் அதற்கு மேலே இருப்பதுதான் எழும்பும்.

ஹவுசிங் எழும்ப வேண்டுமென்றால் டயரைத்தான் மாற்ற வேண்டும், அதிலும் விட்டம் கூடியதில் பாதிதான் கிடைக்கும். தாரில் வருகிற 255/65 ஆர்18 டயரின் விட்டம் ஏறக்குறைய 789 மில்லிமீட்டர். 265/70 ஆர்18 போட்டால் 828. டிஃபரன்ஷியலுக்குக் கிடைப்பது 20 மில்லிமீட்டர், அவ்வளவுதான். இதற்கும் ஒரு விலை உண்டு: ஒரு சுற்றுக்கு வண்டி 5 சதவீதம் கூடுதலாக ஓடுவதால் மீட்டர் காட்டுவதைவிட நிஜ வேகம் அந்த அளவுக்குக் கூடும், இன்ஜினுக்கும் கியர் கொஞ்சம் கனமாகும்.

அதனால் கடைக்குப் போவதற்கு முன் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள். எங்கே தட்டியிருக்கிறது என்று வண்டியே சொல்லும். திருமங்கலம், கள்ளிக்குடி பக்கம் கரிசல் காட்டுக்குள் போய்வருகிற வண்டி என்றால் டிஃபரன்ஷியலின் அடிவயிறு பெயின்ட் உரிந்து பளபளவென்று இருக்கும். மழைக்காலத்தில் டிராக்டர் போன தடம் இரண்டு பக்கமும் பள்ளமாகி நடுவில் ஒரு வரப்பு நிற்கும், அதில்தான் அது உரசுகிறது. இந்த வண்டிக்கு லிஃப்டால் பெரிய லாபமில்லை, டயருக்குச் செலவழியுங்கள். அதுவே சிறுமலைத் தோட்டப் பாதைகளிலும் ஓடை இறக்கங்களிலும் ஓடுகிற வண்டி என்றால் முன் பம்பரின் கீழ் உதடு, பக்கவாட்டுப் படி, பின்பக்கக் கொக்கி இவைதான் நசுங்கியிருக்கும். இங்கே இடிப்பது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலும், அவற்றுக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிற பாகங்கள். இதற்குத்தான் லிஃப்ட் உண்மையிலேயே உதவும், 40, 50 மில்லிமீட்டரே ஏறுகிற கோணத்தில் நல்ல வித்தியாசம் காட்டும்.

சரி, லிஃப்ட்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. அந்த உயரத்தை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு சக்கரத்துக்கு மேலும் கீழுமாக மொத்தம் 200 மில்லிமீட்டர் அசைவு இருக்கிறது, வண்டி சும்மா நிற்கும்போது மேலே 100, கீழே 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஷாக் அப்சார்பரை அப்படியே விட்டுவிட்டு நீளமான ஸ்பிரிங்கை மட்டும் போட்டு 50 தூக்கினால், மேலே 150, கீழே 50 என்று பங்கு மாறிவிடும். மொத்தம் கூடவில்லை. சக்கரம் பள்ளத்தில் இறங்க 50தான் மிச்சம் என்பதால் வேகத்தடை தாண்டி இறங்கும்போது ஷாக் முழுதாக நீண்டு 'டக்' என்று இழுக்கும், கரடுமுரடான இடத்தில் ஒரு சக்கரம் சீக்கிரமே அந்தரத்தில் தொங்கும். தொங்குகிற சக்கரம் இழுக்காது. ஆஃப்ரோடுக்காகப் போட்ட லிஃப்ட் ஆஃப்ரோடையே கெடுப்பது இப்படித்தான். நீளத்துக்குப் பொருத்தமான ஷாக்கும் சேர்த்து மாற்றினால்தான் அந்த 50 திரும்பக் கிடைக்கும்.

முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக இருக்கிற வண்டிகளில் மேலே ஒரு வட்டத் தட்டு வைத்து உயர்த்துவார்கள், ஸ்பேசர் என்பது அதுதான். மலிவு, சவாரியும் பெரிதாக மாறாது, ஏனென்றால் ஸ்பிரிங் அதே ஸ்பிரிங். ஆனால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த அந்த ஜோடி, சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கிற கீழ் ஆர்மின் நடுவில் எங்கோ உட்கார்ந்திருப்பதால் ஒரு இன்ச் தட்டு சக்கரத்தில் ஏறக்குறைய இரண்டு இன்ச்சாக விரியும். தட்டின் தடிமனையே லிஃப்ட் என்று எண்ணி ஆர்டர் போட்டால் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். சக்கரத்துக்குப் போகிற ஆக்சிலின் சாய்வும் கூடும், அதன் மூட்டை மூடியிருக்கிற ரப்பர் பூட் தேய்ந்து கிழியும், கிரீஸ் வெளியே தெறிக்கும். இப்படிப்பட்ட முன்பக்கத்துக்கு இரண்டு இன்ச்சோடு நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

பிக்கப்பின் பின்பக்கம் கமான் பட்டை, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பட்டை ஸ்பிரிங். கூடுதலாக ஒரு பட்டை சொருகினால் உயரம் கிடைக்கும், பாரமும் தாங்கும். தினமும் உரமூட்டையோ சிமென்ட்டோ ஏற்றுகிறவர்களுக்கு இது சரி. வெறும் வண்டியாக ஓட்டுகிறவர்களுக்குத் தண்டனை: பட்டை கனமாகிவிட்டது, மேலே எடை இல்லை, மதுரை நத்தம் ரோட்டு மேம்பாலத்தின் 7.3 கிலோமீட்டரில் ஒவ்வொரு இணைப்பும் முதுகுத்தண்டில் கேட்கும். ஹவுசிங்குக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்தும் உயர்த்தலாம். கட்டை உயரமாக இருந்தால் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஹவுசிங் முறுக்கும், பட்டை 'எஸ்' மாதிரி வளையும்.

நாலுவழிச் சாலையில் என்ன ஆகும்? வைக்கோல் பாரம் ஏற்றிய மாட்டுவண்டி கதைதான். வண்டி கவிழாமல் எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு: இரண்டு சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்தில் பாதியை, எடை மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். அகலம் 1500, உயரம் 700 மில்லிமீட்டர் என்றால் 1.07. உயரத்தை 750 ஆக்கினால் 1.00. ஏழு சதவீதம் போச்சு. பார்க்கச் சின்ன எண்தான், ஆனால் கூரை மேல் கேரியர், அதில் ஒரு டயர், டீசல் கேன் என்று ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் கொண்டை ஊசி வளைவில் இறங்கினால் இந்த எண் இன்னும் கீழே போகும்.

இன்னொன்று, சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது இதைத்தான் இருக்கும். கிட் விற்கிறவர் இதைச் சொல்ல மாட்டார்.

இதெல்லாம் தெரிந்தும் போடுவதென்றால், பட்டறையில் கூடவே நில்லுங்கள். ஆர்ம்களில் இருக்கிற ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்குவது வண்டி நாலு சக்கரத்திலும் நிற்கும்போதுதான் நடக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கிவிட்டால் வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு, அந்த முறுக்கிலேயே ஓடி, சில மாதத்தில் பிய்ந்துவிடும். பிரேக் ஹோஸ் சக்கரம் முழுதாகத் தொங்கும்போதும் விறைக்காமல் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். அப்புறம் சக்கர அலைன்மென்ட். கடைசியாக ஹெட்லைட்டையும் இறக்கி வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ராத்திரி மேலூர் ரோட்டில் எதிரே வருகிற பஸ் டிரைவர் உங்கள் கண்ணில் ஹை பீம் அடித்துத் திட்டிக்கொண்டே போவார்.