பாட்டி கட்டிய பட்டில் வீணை: கத்திரி எடுக்கும் முன்

பாட்டும் வீணையுமாகவே இருந்த வீடுகளில், பாட்டி கச்சேரிக்குக் கட்டிய பட்டுப்புடவை பீரோவில் மடித்தபடியே கிடக்கும். அதை வெட்டி, வீணையோ மிருதங்கமோ வைத்த சுவர்ச்சீலையாகத் தைத்துக் கூடத்தில் மாட்டும் ஆசை நல்ல ஆசைதான். வேலை கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: பட்டின் நிலையைப் பார்க்காமல் வெட்டுவது, வாத்தியத்தின் கணக்குத் தெரியாமல் வரைவது.

முதலில் புடவையை விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் இருந்த பட்டு அந்த மடிப்புக் கோட்டில்தான் முதலில் அறும். ஜரிகை ஓடும் இடத்தில் இன்னும் சீக்கிரம். இரண்டு கட்டைவிரலையும் ஒரு செ.மீ. இடைவெளியில் வைத்து மெல்ல விலக்கிப் பாருங்கள். இழை சரசரவென்று பிரிந்தால் அந்தத் துண்டு தையலைத் தாங்காது. கொசுவத்தின் அடிப்பகுதி தரையில் உரசித் தேய்ந்திருக்கும், ஃபால்ஸ் தைத்த இடத்தில் ஊசித்துளை இருக்கும். இடுப்பைச் சுற்றும் முதல் சுற்று வழக்கமாக நன்றாக இருக்கும். வெட்டுவதை அங்கே தொடங்கலாம்.

அடுத்து சாயம். ஈரமான வெள்ளைப் பருத்தித் துணியை அரக்கு போன்ற அடர்நிறப் பகுதியில் ஒரு நிமிடம் அழுத்துங்கள். கறை ஏறினால் அதைச் சந்தனம் போன்ற வெளிர்நிறத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். முடித்த சீலையைத் தண்ணீரில் நனைக்கவே கூடாது.

அடித்துணிக்குக் காடாத்துணி போதும். ஆனால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சி போக அலசி, காயவைத்து இஸ்திரி போட்ட பிறகே தைக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் ஈரம் பட்டால் காடா சுருங்கும், மேலே இருக்கும் பட்டு கொப்புளம் கொப்புளமாக எழும்பும். நைந்த பட்டுக்குச் சூட்டில் ஒட்டும் கேன்வாஸ் சுலபம்தான், ஆனால் ஒட்டியதைச் சேதமில்லாமல் பிரிப்பது அரிது. மனசுக்கு நெருக்கமான புடவை என்றால் பின்னால் மல் துணி (மெல்லிய பருத்தி) வைத்து ஓட்டுத்தையல் போடுவதே மேல். வெள்ளைப் பசை வேண்டவே வேண்டாம். காய்ந்தால் விறைக்கும், பட்டுக்கு மேலே கறையாகத் தெரியும்.

இனி வீணை. மெட்டுகளை (தந்திக்குக் கீழே குறுக்கே வரும் பித்தளைக் கம்பிகள்) சம இடைவெளியில் வரைவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. வாசித்துப் பழகிய கண் அதை ஒரே பார்வையில் பிடித்துவிடும். மேருவிலிருந்து (தலைப்பக்கம் தந்தியைத் தாங்கும் கட்டை) குதிரை (குடத்தின் மேல் தந்தியைத் தாங்கும் கட்டை) வரை தந்தியை 60 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், மேருவிலிருந்து 15-வது செ.மீ.யில் 5-ஆம் மெட்டு (சுத்த மத்யமம்), 20-இல் 7-ஆம் மெட்டு (பஞ்சமம்), 30-இல் 12-ஆம் மெட்டு (மேல் ஸட்ஜம்), 45-இல் கடைசி 24-ஆம் மெட்டு. முதல் இடைவெளி ஏறக்குறைய 3.4 செ.மீ.; கடைசி இடைவெளி 9 மி.மீ. இந்த ஐந்தாறு அளவையும் குறித்துக்கொண்டு, இடையில் உள்ளவற்றைப் படிப்படியாகக் குறுக்கினால் போதும். மெட்டுகளின் மேல் போவது நான்கு தந்திதான். தாளத்துக்கு மீட்டும் மூன்று தாளத்தந்தியும் பக்கவாட்டில் ஓடும். ஏழு தந்தியையும் வரிசையாக மெட்டின் மேல் இழுத்துவிட்டால் அது வேறு ஏதோ வாத்தியம்.

தந்திக்கு ஜரிகை நூலைத் துணிக்குள் ஊசியால் இழுக்காதீர்கள், உரிந்துவிடும். மேலே கிடத்தி, மெல்லிய பட்டு நூலால் 5 மி.மீ.க்கு ஒரு சின்னக் கட்டுத்தையல் போடுங்கள். ஒட்டும் கேன்வாஸின் தாள் பக்கத்தில் வரைந்து வெட்டினால் உருவம் இடவலம் மாறும், வீணை இடக்கை வீணை ஆகிவிடும். அதனால் படத்தைத் திருப்பி வரையுங்கள்.

மிருதங்கம் என்றால் கருப்பு வட்டம் வலந்தலைக்கு (வலக்கைப் பக்கத் தோல்) மட்டும். தொப்பியில் (இடக்கைப் பக்கத் தோல்) ரவைப் பூச்சுதான், அதற்கு வெளிறிய துண்டு.

வாத்தியமே இல்லாமல் தாளத்தை வைத்தும் கரை தைக்கலாம், அதுதான் அழகு என்றுகூடச் சொல்லலாம். ஓர் அட்சரத்துக்கு (தாளத்தின் ஓர் எண்ணிக்கை) 5 செ.மீ. என்றால் ஆதி தாளம் (4+2+2 அட்சரம்) 20, 10, 10 என்று மூன்று நிறப் பட்டையாக 40 செ.மீ. வரும், இரண்டு ஆவர்த்தனம் (தாளத்தின் முழுச் சுற்று) 80. தையல் மடிப்புக்குப் பக்கத்துக்கு 1 செ.மீ. சேர்த்து வெட்டாவிட்டால் தாளம் குறைந்துவிடும்!

மெஷினில் 11-ஆம் எண் ஊசி போதும். 16 போட்டால் பட்டில் துளை மூடாது. பாட்டியின் ஸ்வரக் குறிப்பு நோட்டையும் சேர்க்க நினைத்தால் நகல் எடுத்துத் துணியில் அச்சிடுங்கள். அசல் தாளில் ஊசி ஏற வேண்டாம்.

மாட்டுவதற்கு வளையமும் ஆணியும் கூடாது. பாரம் இரண்டு மூன்று புள்ளியில் விழுந்து அங்கேயே கிழியும். மேல்விளிம்பு முழுக்க 10 செ.மீ. அகலக் காடா உறை தைத்து, மரக்கோலை நுழையுங்கள். கோல் மரத்தின் கறை படாமல் இருக்க அதன்மேல் ஒரு சுற்றுப் பருத்தித் துணி. ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம், வெயில் நேராக விழும்.