ஈட்டி மரத்துக்குள் வைரம் ஏறுவது எப்படி?

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் நிழலுக்கு வரிசையாக நிற்பது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக். நம் மலைக்கே உரிய ஈட்டியை, அதாவது ரோஸ்வுட்டை, தேடித்தான் பார்க்க வேண்டும். பட்டை சாம்பல் நிறம், இலை சிறிய வட்டம். மதிப்பெல்லாம் உள்ளே.

வேர் உறிஞ்சும் நீரை மேலே ஏற்றுவது தண்டின் வெளிச்சுற்று மட்டும்தான். மரம் பருக்கப் பருக்க, உள்ளே தங்கிவிட்ட செல்கள் சாகத் தொடங்கும். சாவதற்கு முன் சேமித்த மாவுச்சத்தைப் பிசினாகவும் நிறமிகளாகவும் பூஞ்சையைத் தடுக்கும் பொருள்களாகவும் மாற்றிவிடும். இவை ஊறி இறுகிய பகுதிதான் வைரம். ஈட்டியில் அது ஊதா கலந்த கரும்பழுப்பு, நடுவே கறுத்த கீற்றுகள். வெளிறிய வெளிச்சுற்றில் மாவுச்சத்து மிச்சம் இருப்பதால் வண்டு துளைக்கும். வைரத்தில் கரையான் லேசில் ஏறாது. வைரம் நன்றாக ஏறப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதால் இளமரத்தை வெட்டுவது வீண்.

கரையானைத் தடுக்கும் அதே சரக்குதான் ஆசாரியையும் சோதிக்கும். எண்ணெய்ப் பசை இருப்பதால் புதிதாக இழைத்த முகத்தில் உடனே பசை போட்டால்தான் பிடிக்கும். சில வார்னிஷ்கள் காயவே அடம்பிடிக்கும். முதலில் மெல்லிசாக ஒரு கை அரக்குப் பாலிஷ் கொடுத்தால் சரியாகும். துளைகளில் சுண்ணாம்பு படிந்திருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும். இழையோட்டமும் அடுக்குக்கு அடுக்கு எதிர்ப்பக்கம் சாய்வதால், இழைப்புளியை எந்தப் பக்கம் தள்ளினாலும் எங்காவது பெயரும். நன்கு தீட்டிய தகடும் மெல்லிய சீவலும்தான் வழி. தூள் சிலருக்குத் தோல் அரிப்பைத் தரும், மாஸ்க் அவசியம்.

இத்தனை பாடும் தகும். காய்ந்த ஈட்டி கன மீட்டருக்குச் சுமார் 830 கிலோ. தேக்கு 650 அளவில்தான். பதமாகக் காய்ந்தபின் அவ்வளவாகச் சுருங்காது, முறுகாது. மெல்லிய பலகையைத் தட்டினால் ஓசை நீண்டு ஒலிக்கும். அதிர்வை மரம் தனக்குள் அதிகம் விழுங்காததே காரணம். கிட்டாரின் முதுகுக்கும் பக்கங்களுக்கும் உலகமே இதைக் கேட்பது அதனால்தான்.

அந்தத் தேவைதான் மரத்தைக் கரைத்தது. வெட்டுவதைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாடு 1994இல் தனிச் சட்டமே இயற்றியது. 2017 முதல் பன்னாட்டு வணிகத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. ஆனால் தடை மட்டும் மரத்தைப் பெருக்காது. ஈட்டி அவரைக் குடும்பம், வேர் முடிச்சுகளில் நைட்ரஜனைச் சேர்த்து மண்ணை வளமாக்கும். வேரிலிருந்தே புதுக் கன்றும் கிளம்பும். களை எடுக்கும்போது அந்தக் கன்றுகளை விட்டுவைக்கும்படி தோட்டக்காரர்கள் ஆட்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.