87-ல் ஒரு பங்கு ரயில் எப்படி ஓடுகிறது?

இந்திய அகலப்பாதையில் தண்டவாளம் வளைய வேண்டுமானால், அந்த வளைவின் ஆரம் 175 மீட்டருக்குக் குறையக் கூடாது. நிஜ ரயிலை 87-ல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்யும் மாடலுக்கு இதை 87-ஆல் வகுத்தால் 2 மீட்டர் வரும். ஒரு மாடல் ரயிலை அதே கணக்கில் அரைவட்டம் அடித்துத் திருப்ப, 4 மீட்டர் அகலமுள்ள அறை வேண்டும். பெரம்பூரிலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ எத்தனை வீட்டில் அப்படி ஒரு ஹால் இருக்கிறது? இருந்தாலும் கட்டில், பீரோ, வாஷிங் மெஷின் போக ரயிலுக்கு மிஞ்சுவது பரண்தான்.

மாடல் ரயில்காரர்கள் ஏன் குழுவாகச் சேர்கிறார்கள் என்று கேட்டால் நட்பு, பொழுதுபோக்கு, ரயில் பைத்தியம் என்று பல பதில்கள் வரும். எல்லாம் உண்மைதான். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது கணக்கு. ரயிலைச் சின்னதாக்கலாம்; இயற்பியல் கூடவே சின்னதாவதில்லை. அந்த இடைவெளியைத் தனி ஆளாக ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து சமாளிப்பது கஷ்டம்.

முதலில் இந்த 87 எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரபலமாக இருந்த 'ஓ' அளவு, பிரிட்டனில் ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர். வீடுகளுக்கு அதுவே பெரிதாக இருந்ததால் பாதியாக்கினார்கள்: ஓர் அடிக்கு 3.5 மி.மீ. கணக்குப் போட்டால் 87-ல் ஒரு பங்கு. 'ஹாஃப் ஓ' என்பதால் எச்ஓ. இந்த அளவின் தண்டவாளங்களுக்கு நடுவே 16.5 மி.மீ. இடைவெளி. 87-ஆல் பெருக்கினால் 1435 மி.மீ., அதாவது ஐரோப்பாவும் அமெரிக்காவும் பயன்படுத்தும் பாதை. நம் அகலப்பாதை 1676 மி.மீ. அதற்கு 19.3 மி.மீ. வேண்டும். கடையில் கிடைக்கும் தண்டவாளமோ 16.5. அதனால் இங்கே ஓடும் பெரும்பாலான மாடல்களில் பெட்டி நம்ம ஊர் அளவு, அடியில் சக்கரம் வெளிநாட்டு அளவு. பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது. நேர் எதிரே குனிந்து பார்த்தால் கொஞ்சம் ஒல்லியாகத் தெரியும். சிலருக்கு இது தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம், 19.3-க்குத் தண்டவாளத்தைக் கையாலேயே செய்கிறவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், ஓடுகிற ரயில்தான் அழகு.

சரி, வளைவுக்கு வருவோம். பெட்டியில் போட்டு விற்கும் வளைவுத் தண்டவாளங்களில் பிரபலமான ஓர் அளவுக்கு ஆரம் 18 அங்குலம், ஏறக்குறைய 46 செ.மீ. நிஜத்தில் அது 40 மீட்டர். எந்த மெயில் வண்டியும் அப்படித் திரும்பாது. இன்றைய எக்ஸ்பிரஸ் வண்டிகளில் ஓடும் எல்எச்பி வகைப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நிஜத்தில் 23.5 மீட்டர், மாடலில் 27 செ.மீ. பெட்டிக்கு அடியில் இருக்கும் இரண்டு சக்கரத் தொகுதிகளின், அதாவது போகிகளின், மையங்களுக்கு இடையே 17 செ.மீ. இந்தப் பெட்டி 46 செ.மீ. வளைவில் போகும்போது நடுப்பகுதி பாதையின் மையத்திலிருந்து 8 மி.மீ. உள்ளே தள்ளும்; முனைகள் 12 மி.மீ. வெளியே பிதுங்கும். பக்கத்துப் பாதையில் இன்னொரு வண்டி வந்தால் இடிதான். ஆரத்தை இரட்டிப்பாக்கி 91 செ.மீ. ஆக்கினால் இந்த எண்கள் 4 ஆகவும் 6 ஆகவும் குறைந்துவிடும். பெட்டி நீளத்தைப் போல மூன்று மடங்காவது ஆரம் இருக்கட்டும் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

நிஜ ரயில் வளைவில் திரும்புவதே ஓர் அழகான தந்திரம். சக்கரத்தின் ஓடுதளம் தட்டையாக இருக்காது, லேசான கூம்பு வடிவம். பொதுவாக 20-க்கு 1 சரிவு. வளைவில் நுழைந்ததும் ஜோடிச் சக்கரம் மொத்தமாக வெளிப்பக்கம் நகரும். வெளிச் சக்கரம் தன் தடித்த பகுதியிலும் உள் சக்கரம் மெலிந்த பகுதியிலும் உருளும். ஒரே அச்சில் இறுக்கப்பட்டிருந்தாலும் வெளிச் சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போவதால் வண்டி தானாகத் திரும்புகிறது. பக்க விளிம்பு, அதாவது ஃபிளாஞ்ச், காவலுக்கு இருப்பதுதான். மாடல் சக்கரத்திலும் இந்தக் கூம்பு உண்டு. ஆனால் இவ்வளவு இறுக்கமான வளைவில் அது போதாது. ஃபிளாஞ்ச் உரசித்தான் திரும்பியாக வேண்டும். அதனால் மாடல் சக்கரத்தைக் கொஞ்சம் முரட்டுத்தனமாகவே செய்கிறார்கள். அதன் அகலம் பொதுவாக 2.8 மி.மீ.; 87-ஆல் பெருக்கினால் 24 செ.மீ. நிஜச் சக்கரம் இதில் கிட்டத்தட்ட பாதிதான்.

எடையில் நடப்பது இன்னும் வேடிக்கை. நீளம் 87-ல் ஒரு பங்கானால் கன அளவு 87 × 87 × 87-ல் ஒரு பங்கு, அதாவது ஆறரை லட்சத்துக்கும் மேல் வகுக்க வேண்டும். டபிள்யூஏபி-7 மின்சார என்ஜின் 123 டன். மாடலில் அது 187 கிராம்தான் வர வேண்டும். 40 டன் பெட்டி வெறும் 61 கிராம். அப்படிச் செய்து ஓட்டினால் தண்டவாளம் பிரியும் முதல் பாயின்ட்ஸிலேயே கவிழ்ந்துவிடும். தண்டவாள இணைப்பில் இருக்கும் மேடு பள்ளம், அச்சின் உராய்வு, கப்ளிங்கின் விறைப்பு, ஒரு தூசித் துகள், இவை எதுவும் 87 மடங்கு சுருங்கியவை அல்ல. நீளமான ரேக்கை, அதாவது கோர்த்த பெட்டி வரிசையை, வளைவில் இழுத்தால், லேசான பெட்டிகள் உள்பக்கமாகச் சாய்ந்து விழும். அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் இதற்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது: எச்ஓ பெட்டிக்கு 1 அவுன்ஸ், அதோடு ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். நம் 27 செ.மீ. பெட்டிக்கு இது சுமார் 180 கிராம், 'சரியான' எடையைப் போல மூன்று மடங்கு. பெட்டிக்குள் ஈயத் துண்டோ நட்டோ ஒட்டி எடை ஏற்றுவது இந்தப் பொழுதுபோக்கின் அன்றாட வேலை.

நிறுத்துவதில்தான் கணக்கு ஒரேயடியாகக் காலை வாரும். மணிக்கு 130 கி.மீ. வேகம் மாடலில் வினாடிக்கு 41 செ.மீ. நிஜ வண்டி பிரேக் போட்டு ஒரு கிலோமீட்டரில் நிற்கிறது என்று வையுங்கள். மாடலில் அது பதினொன்றரை மீட்டரில் நின்றால் பார்க்கச் சரியாக இருக்கும். ஆனால் நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதே பிரேக் விசை விகிதத்தில் மாடல் 13 செ.மீ.க்குள் நின்றுவிடும். இதைச் சரிக்கட்ட மோட்டார் அச்சில் ஒரு பித்தளைச் சக்கரத்தைப் பொருத்தி, சுழலும் வேகத்தைச் சேமித்து வைக்கிறார்கள். மிச்சத்தை மின்னணுச் சில்லு நடிக்கிறது: நாம் பட்டென்று நிறுத்தினாலும் அது மெல்ல மெல்லத்தான் மின்சாரத்தைக் குறைக்கும்.

அந்தச் சில்லுதான் இன்றைய மாடல் ரயிலின் மூளை. பழைய முறையில் இரண்டு தண்டவாளங்களும் இரண்டு ஒயர்கள். 12 வோல்ட் வரை நேர்மின்னோட்டம் கொடுத்தால் ஓடும். மாற்றிக் கொடுத்தால் பின்னால் போகும். ஒரே பாதையில் இரண்டு என்ஜின் வைத்தால் இரண்டும் சேர்ந்தே ஓடும், சேர்ந்தே நிற்கும். டிசிசி (டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல்) முறை வந்த பிறகு இந்தத் தொல்லை போயிற்று. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் 1980-களின் கடைசியில் உருவாக்கியதை அடிப்படையாக வைத்து, அமெரிக்கச் சங்கம் 1990-களில் தரநிலையாக்கிய முறை இது. இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும், ஆனால் அதன் துருவம் இடைவிடாமல் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பக்கமும் 58 மைக்ரோவினாடி நீடித்தால் அது '1'. சுமார் 100 மைக்ரோவினாடி நீடித்தால் '0'. 'கேளுங்கள்' என்பதுபோல் குறைந்தது பதினான்கு '1', அப்புறம் என்ஜினின் எண், அப்புறம் கட்டளை, கடைசியில் பிழை இருக்கிறதா என்று சரிபார்க்க ஓர் எண். அவ்வளவுதான் ஒரு செய்தி. வினாடிக்கு நூறு செய்திக்கு மேல் போகும். சென்ட்ரலில் ஒலிபெருக்கி அறிவிப்பு எல்லார் காதிலும் விழுந்தாலும் கோவை வண்டிக்காரர்கள் மட்டும் மூட்டையைத் தூக்குவதுபோல, தன் எண்ணுக்கு வந்ததை மட்டும் ஒவ்வொரு என்ஜினும் எடுத்துக்கொள்கிறது. மின்சாரமும் கட்டளையும் ஒரே தண்டவாளம் வழியாக வருகின்றன.

இதில் ஒரு நுட்பம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மோட்டார் சுழலும்போது அதுவே ஒரு குட்டி ஜெனரேட்டர். சில்லு இடையிடையே கண நேரம் மின்சாரத்தை நிறுத்தி, மோட்டார் எவ்வளவு வோல்ட் உற்பத்தி செய்கிறது என்று அளக்கும். அதிலிருந்து வேகம் தெரிந்துவிடும். ஏற்றத்தில் வேகம் குறைந்தால் கூட்டிக் கொடுக்கும். யார்டில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்க ஊர்ந்து போகும் ஷண்டிங் என்ஜின் திணறாமல் நகர்வது இதனால்தான்.

ஆனால் இத்தனை சாமர்த்தியமும் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு கடுகளவு தொடுபுள்ளியை நம்பி நிற்கிறது. வடசென்னையில் அதற்கு எதிரிகள் அதிகம். காசிமேட்டுப் பக்கத்திலிருந்து வரும் உப்புக் காற்று, கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசி, எண்ணூர்ப் பக்கத்துக் கரி. பித்தளைத் தண்டவாளம் இங்கே சீக்கிரம் கறுத்துவிடும், கறுத்த படலம் மின்சாரத்தைத் தடுக்கும். அதனால் நிக்கல் சில்வர் வாங்குகிறார்கள். அதில் வெள்ளி கிடையாது, செம்பு, நிக்கல், துத்தநாகம்தான். சின்னச் சின்னத் தீப்பொறிகளால் படியும் கறுப்புப் பிசுக்கை ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். ஓட்டுவதற்கு முன் துடைப்பது எல்லார் வேலையும். மூத்தவர் என்று யாருக்கும் விலக்கு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பிளைவுட் ஈரம் குடித்து உப்பும், வெயிலில் சுருங்கும். நல்ல பிளைவுட்டை வெட்டு விளிம்பு உட்பட எல்லாப் பக்கமும் வார்னிஷ் அடித்தால்தான் ஒரு வருஷம் தாங்கும்.

இனி அந்த 4 மீட்டர் ஹால் பிரச்சினை. உலகம் முழுக்க மாடல் ரயில் குழுக்கள் கண்டுபிடித்த விடை, துண்டு பலகை. ஒவ்வொருவரும் தன் வீட்டில் நாலடி நீளத்துக்கு ஒரு பலகையை வைத்துக்கொள்கிறார். அதில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஒருவர் 1856-ல் ரயில் ஓடத் தொடங்கிய ராயபுரம் நிலையத்தின் தூண்களைச் செதுக்குவார், இன்னொருவர் பேசின் பிரிட்ஜ் யார்டு, மற்றொருவர் கொருக்குப்பேட்டை கேட்டும் பக்கத்து டீக்கடையும். சேரும் முனைகள் மட்டும் எல்லாருக்கும் ஒரே மாதிரி: தண்டவாளம் தரையிலிருந்து இத்தனை உயரம், பலகை ஓரத்திலிருந்து இத்தனை தூரம், ஒயருக்கு இந்த நிறம், இந்தப் பிளக். இதில் கறார் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது. ஒரு பலகையில் 1 மி.மீ. பிசகு கண்ணுக்குத் தெரியாது. இருபது பலகையைச் சுற்றி வந்தால் கடைசி இணைப்பு 2 செ.மீ. தள்ளி நிற்கலாம்.

22 பெட்டி ரேக் மாடலில் ஏறக்குறைய 6 மீட்டர். அது ஒரு முறை முழுசாக ஓடிப் பார்க்கவே கல்யாண மண்டபமோ பள்ளி ஹாலோ தேவை. பலகைகளை மாடிப்படி வளைவில் இறக்கி, குட்டி யானையில் ஏற்றி, அங்கே கோர்க்க வேண்டும். ஆளுக்கு ஒரு திறமை அப்போதுதான் வெளியே வரும். ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸிலோ, 1955-ல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப்பிலோ காலம் கழித்தவர் இந்தப் பக்கத்தில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். பற்றவைப்பு, அளவு, போகி பற்றிய சந்தேகம் எல்லாம் அவரிடம். சில்லு, மென்பொருள், முப்பரிமாண அச்சு கல்லூரிப் பசங்களிடம்.

கோர்த்த பிறகு வெறுமனே சுற்றிச் சுற்றி ஓட்டினால் கால் மணி நேரத்தில் அலுத்துவிடும். அதனால் ரயில்வே நடத்துவார்கள். ஒருவர் கன்ட்ரோலர், இருவர் ஸ்டேஷன் மாஸ்டர், மற்றவர்கள் டிரைவர். நிலையங்களுக்கு நடுவே தூரம் போதாது. ஒரு கிலோமீட்டருக்கே பதினொன்றரை மீட்டர் வேண்டும், இருப்பதோ நாலைந்து மீட்டர். தூரம் குறைந்தால் நேரத்தையும் சுருக்கியாக வேண்டும். சுவரில் நாலு மடங்கோ ஆறு மடங்கோ வேகமாக ஓடும் கடிகாரத்தை மாட்டி, கால அட்டவணையை அதற்கு எழுதுகிறார்கள். அப்புறம் பதற்றம் தானாக வந்துவிடும். "அண்ணா, லூப்ல கூட்ஸ் நிக்குது, பாயின்ட்ஸ் போடாதீங்க!" என்று கன்ட்ரோலர் பையன் கத்துவான். நிஜப் பாயின்ட்ஸில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர், "தெரியும்பா, நீ சிக்னலப் பாரு" என்பார்.

கூட்ஸ் வண்டிக்கு ஒவ்வொரு வேகனுக்கும் ஓர் அட்டை உண்டு. துறைமுகத்திலிருந்து தண்டையார்பேட்டை யார்டு, அங்கிருந்து பெரம்பூர், திரும்பக் காலியாக ராயபுரம் என்று அதில் எழுதியிருக்கும். ஷண்டிங் பார்ப்பவர் அட்டையைப் படித்து வேகனைப் பிரித்து, சேர்த்து, சரியான லைனில் விட வேண்டும். நேரம் முடிந்து பலகைகளைப் பிரிக்கும்போது தவறான லைனில் மாட்டிக்கொண்ட வேகனைக் கையால் தூக்கிச் சரியான இடத்தில் வைப்பது கிடையாது. அட்டையில் நின்ற இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். அடுத்த முறை அது அங்கிருந்துதான் கிளம்பும், முதல் வண்டிக்காரர் தலையில்.